ஏழாவது தாள்

என் வீட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறது. கெட்டி அட்டை, உள்ளே பத்துப் பன்னிரண்டு பழுப்பு மட்டைகள். மட்டைக்கு ஒன்றாகக் கடிதங்களை வைத்து, முதலாளி முன்னால் நீட்டிக் கையெழுத்து வாங்குவதற்கான ஃபைல். இப்போது அதில் கேஸ் ரசீது, கரண்ட் பில், என் வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு எல்லாம் கிடக்கின்றன. கம்பெனியை இழுத்து மூடிய அன்று ஆளாளுக்கு நாற்காலி, மின்விசிறி என்று தூக்கிக்கொண்டு போனார்கள். நான் இதைக் கொண்டுவந்தேன். "இருபது வருசம் உழைச்சதுக்கு அட்டைதானா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். ஃபைலின் ஏழாவது மட்டையில் ஒரு தாள் அன்றிலிருந்து இன்றுவரை எடுக்கப்படாமல் இருக்கிறது. அது அவருக்குத் தெரியாது. அதைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வில்லியனூருக்கு மேற்கே எங்கள் பிளாஸ்டிக் குழாய்க் கம்பெனி இருந்தது. முதலாளி மண்ணாடிப்பட்டுப் பக்கத்துக் கரும்பு விவசாயக் குடும்பம். போர்வெல் போட்ட கொல்லையிலெல்லாம் எங்கள் குழாய் ஓடிய காலம் அது. நான் அங்கே கடிதம் அடிக்கிறவளாகச் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்குச் சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டு அவர் உட்கார்ந்ததும், நான் இடது பக்கம் நின்று மட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டுவேன். அவர் எதையும் படிக்கமாட்டார். வாலை நீளமாக இழுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். ஆரம்பத்தில் எனக்கே உதறல்தான். "ஐயா, ஒரு தடவ படிச்சிடுங்க" என்பேன். "நீ வச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்பார். இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனையோ நாள் நான் சாப்பாட்டு நேரத்திலும் உட்கார்ந்து ஒற்றுப்பிழை பார்த்திருக்கிறேன்.

கொடுப்பதில் அவருக்கு ஒரு வெறி இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பை, கண் சிகிச்சை முகாம், ஊருக்கு ஊர் குடிதண்ணீர் மிஷின் என்று மாதம் ஒன்று நடக்கும். எல்லாவற்றிலும் அவர் கைகூப்பி நிற்கிற படம் இருக்கும். அந்தப் படத்தில் அவருக்குத் தொப்பை தெரியக்கூடாது என்பதற்காக மூன்று ஸ்டூடியோ மாறினோம். கேட்டதையெல்லாம் கொடுத்த மனிதர் என்று ஊர் இன்றைக்கும் சொல்கிறது. பக்கத்தில் நின்று பார்த்தவள் நான் சொல்கிறேன், கேட்டதை அவர் கொடுத்தது குறைவு. அவருக்கு எதைக் கொடுக்கத் தோன்றுகிறதோ அதைத்தான் கொடுத்தார். அதையும் இரண்டு கையால், மனசாரக் கொடுத்தார் என்பதால் யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை.

பெண்கள் கபடிக்கு ஒரு லீக் ஆரம்பிக்கிறார்கள், நம் பக்கத்து அணியை எடுக்க ஆளில்லை என்று ஒருவர் வந்து சொன்னார். வசதியானவர்கள் எல்லாம் கிரிக்கெட் பக்கம் போய்விட்டிருந்தார்கள். முதலாளி ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "நம்ம ஊர்ப் பொண்ணுங்கோ ஆடறதா? அப்ப நானே எடுத்துக்கறேன்" என்றார். கணக்குப் பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டார். பெண்கள் அணிக்குப் பெண்தான் செயலாளராக இருக்க வேண்டுமென்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். கபடியில் எனக்குத் தெரிந்தது மூச்சு விடாமல் பாட வேண்டும் என்பது மட்டும்தான்.

பாகூர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் எடுத்தோம். அன்றைக்குத்தான் கடலோர மணப்பட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணை முதலில் பார்த்தேன். பதினேழு வயது. அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா பாகூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். அம்மாவின் கூடையை மார்க்கெட்டில் இறக்கி வைத்துவிட்டு நேரே வந்திருந்தாள். வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் மூக்கைச் சுளித்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். குழாயடிக்குப் போய், என்னிடம் சோப்பு கேட்டு வாங்கி, முழங்கை வரைக்கும் மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். பிறகு கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போனாள். மூக்கைச் சுளித்தவர்களில் ஆரம்பித்து ஏழு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒருத்தியாலும் அவளைப் பிடிக்க முடியவில்லை. முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "எனக்குப் பொண்ணு இல்லன்னு எவன்யா சொன்னது?" என்றார். அவருக்கு இரண்டும் பையன்கள். இரண்டு பேரும் வெளிநாட்டில்.

சேர்ந்த பெண்கள் எல்லோரிடமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். முதலாளி எழுத்து மூலம் விடுவித்தால் ஒழிய வேறு எந்த அணியும் அவர்களை எடுக்கக்கூடாது என்று அதில் இருந்தது. "இதுக்கு இன்னாக்கா அர்த்தம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "சும்மா ஒரு வழக்கம்மா, எல்லா டீமுலயும் உண்டு" என்றேன். அப்போது நானும் அப்படித்தான் நம்பினேன்.

முதல் வருடம் இறுதிப் போட்டி வரைக்கும் போனோம். இரண்டே புள்ளியில் தோற்றோம். தோற்றுத் திரும்பிய பஸ்ஸில் முதலாளி எல்லோருக்கும் தன் கையால் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்தார். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுப் பாடியது அந்தப் பஸ்ஸில் மட்டும்தான். இரண்டாம் வருடம் லீக் நடத்தியவர்களுக்குள் தகராறு வந்து பாதியில் நின்றது. மூன்றாம் வருடம் ஆரம்பிக்கவே இல்லை. எங்கள் குழாயும் விற்காமல் குடோன் வாசலில் வெயில் காயத் தொடங்கியது. ஆனால் முதலாளி மாதா மாதம் அணியின் ஜெர்சிகளை மட்டும் சலவைக்கு அனுப்பச் சொல்வார். யாரும் போடாத ஜெர்சிகள் மடிப்பு கலையாமல் போய், மடிப்பு கலையாமல் திரும்பி வரும். "தயாரா இருக்கணும்மா. அடுத்த வருசம் வுட மாட்டோம்" என்பார். சலவைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அப்போதுதான் வடக்கே ஒரு மாநிலத்து அரசுத் துறை அணியிலிருந்து அந்தப் பெண்ணுக்கு அழைப்பு வந்தது. வெறும் ஆட்டம் அல்ல, கூடவே நிரந்தர வேலை. மாதக் கடைசிக்குள் முதலாளியின் விடுவிப்புக் கடிதம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அவளும் அவள் அம்மாவும் ஒரு பொட்டலம் கருவாட்டோடு ஆபீசுக்கு வந்தார்கள். ஒரு பைசா செலவில்லாத காரியம், உடனே முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இவ இல்லாம நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு டீம எறக்கறது? அப்பன் வூட்ட வுட்டுப் போறேன்னு சொல்றாளே" என்று குரல் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டார். நடிப்பில்லை. எனக்குத் தெரியும். பயந்துபோன அந்த அம்மா, "ஐயா, அழாதீங்கய்யா, நாங்க ஒண்ணும் கேக்கல" என்று கைகூப்பிக்கொண்டு எழுந்துவிட்டார். அடுத்த வாரமே அவர்கள் படகுக்குப் புது இன்ஜின் போய் இறங்கியது. யாரும் கேட்கவில்லை. படமும் எடுத்தோம்.

அந்த இன்ஜினோடு அவர்கள் வீட்டு வாய் அடைத்துப்போனது. மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது அவள் மட்டும் தனியாக என்னைப் பார்க்க வந்தாள். "அம்மா வரமாட்டேன்னுட்டாங்கக்கா. இஞ்சின் குடுத்த மனுசனாண்ட மறுபடியும் போயி இன்னான்னு கேக்கறதுன்றாங்க" என்றாள். பிறகு என் மேசை மேலிருந்த பச்சை ஃபைலைப் பார்த்தாள். "நீங்க வச்சா பாக்காமதானக்கா போடுவாரு?" என்றாள். அவள் போனதும் கடிதத்தை அடித்தேன். நான்கு வரிதான். 'எங்கள் அணியிலிருந்து இவரை விடுவிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரியை இரண்டு தடவை சரிபார்த்தேன். மறுநாள் அதை ஏழாவது மட்டையில் வைத்தேன். ஆறாவதில் பள்ளிப் பைகளுக்கான கடிதம், எட்டாவதில் ஒரு குழாய் வியாபாரிக்கான கடிதம்.

காலை ஒன்பதரை. ஊதுவத்தி. நான் இடது பக்கம் நின்றேன். ஐந்து கையெழுத்து வழக்கம்போல ஓடியது. ஆறாவதில் வாலை இழுத்துவிட்டு அவர் பேனாவைத் தூக்கி நிறுத்தினார். "மணப்பட்டுக்கு இஞ்சின் போய்ச் சேந்திச்சாம்மா?" என்று கேட்டார். "சேந்துடிச்சிங்கய்யா" என்றேன். "எம்பொண்ணு கோவமா இருப்பா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லும்மா. நீ சொன்னா கேப்பா" என்றார். பிறகு ஃபைலைப் பார்க்காமல், என்னைப் பார்த்தபடியே அடுத்த தாளுக்குப் பேனாவை நீட்டினார். என் விரல் இரண்டு மட்டைகளைச் சேர்த்துப் புரட்டியது. அவர் குழாய் வியாபாரியின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு விசுவாசம் என்று ரொம்ப நாள் பெயர் வைத்திருந்தேன். நம்பிய மனிதரை ஏமாற்றவில்லை என்று சாமி முன்னால்கூடச் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் அது பயம். கம்பெனி ஆடிக்கொண்டிருந்தது, ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு மூலக்குளத்தில் பாதி கட்டிய வீடு இருந்தது. நாளைக்கு விஷயம் தெரிந்தால் என்னைத்தானே கேட்பார் என்று அந்த ஒரு நொடியில் என் விரலுக்குத் தோன்றிவிட்டது. மூளைக்குத் தோன்றுமுன் விரலுக்குத் தோன்றியது. இன்னும் நான்கு காலைகள் இருந்தன. நான்கு காலையிலும் அந்தத் தாள் ஏழாவதிலேயே இருந்தது, நான்கு காலையிலும் ஆறாவதையும் ஏழாவதையும் சேர்த்தே புரட்டினேன். மாதக் கடைசி அன்று அவள் போன் செய்தாள். "படிச்சிப் பாத்துட்டாரும்மா. போடமாட்டேன்னுட்டாரு" என்றேன். பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்கே தெரியாது. "சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

பிறகு லீக் வரவேயில்லை. வருடங்கள் போயின. மற்றப் பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள், ஒருத்தி துணிக்கடையில் சேர்ந்தாள். முதலாளி போன வருடம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஊர் ஊராக வேன் வைத்துக்கொண்டு வந்து அழுதார்கள். மணப்பட்டிலிருந்தும் இரண்டு வேன் வந்தது. அவள் அம்மா வந்திருந்தார், அவள் வரவில்லை. "இஞ்சின் வாங்கிக் குடுத்தவரு. செத்ததுக்குக்கூட வரல பாரு, நன்றி கெட்டவ" என்று என் காதுபடப் பேசினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெரிய பையன் வந்து கம்பெனியை மூடி இடத்தை விற்றார். அணியைப் பற்றி நான் கேட்டபோது, "அது இன்னுமா இருக்குது?" என்றார். பத்தே நிமிடத்தில் எல்லாப் பெண்களுக்கும் சேர்த்து விடுவிப்புக் கடிதங்களைத் தன் செல்போனிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அவரும் படிக்கவில்லை. ஜெர்சிகளை எண்ணெய் துடைக்கிற துணியாகப் பட்டறைக்குக் கொடுத்தார்கள்.

செல்போனில் வந்த அவளுடைய கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு நானே மணப்பட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். அவள் மீன் இறங்குகிற இடத்தில் ஐஸ் பெட்டிகளை ஸ்கூட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். உடம்பு கனத்துவிட்டது, இடது முழங்காலைக் கொஞ்சம் விந்தி நடந்தாள். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்று சிரித்தாள். கையை இரண்டு தடவை புடவையில் துடைத்துவிட்டு, தாளின் ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தாள். நான்கு வரிதான், சீக்கிரம் முடிந்துவிட்டது.

"இத இப்ப யாராண்டக்கா குடுக்கணும்?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பிறகு அவளே, "ஐயா சாவுக்கு நான் வரலன்னு உங்களுக்கும் கோவம் இருக்கும். வரணும்னுதாங்க்கா கெளம்புனேன். படிச்சிப் பாத்துட்டு மாட்டேன்னாரே, அத நெனச்சிக்கினா கால் வரல. எம்பொண்ணு எம்பொண்ணுன்னுவாரே..." என்றாள். நான் வாயைத் திறந்தேன். "வெயில் ஏறுது, நீ கெளம்பும்மா, ஐஸு உருகிடும்" என்றுதான் வந்தது. அவள் கடிதத்தை நான்காக மடித்து ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில், வண்டிப் பேப்பர்களோடு வைத்தாள்.

நேற்று கேஸ் ரசீதைத் தேடி பச்சை ஃபைலை எடுத்தேன். முதல் மட்டை, இரண்டாவது, மூன்றாவது என்று புரட்டிக்கொண்டே வந்தேன். மேசையில் யாரும் இல்லை, ஊதுவத்தி இல்லை, போய்விடுமே என்று நான் பயப்பட இனி ஒரு வேலையும் இல்லை. ஆறாவதில் கரண்ட் பில் இருந்தது. அடுத்து என் விரல் இரண்டு மட்டைகளைச் சேர்த்துப் புரட்டியது.