கிண்ணம் வேர்த்த மூன்று நாட்கள்

செம்புக் கிண்ணத்தின் வெளிப்புறத்தை ஒரு விரலால் தடவி, அந்த விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார் டீச்சர். விரலில் ஈரம். எழுபதுகளில், தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்து ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நாங்கள் இருவரும் தற்காலிகக் கெமிஸ்டுகள். நாசரேத் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். மற்றபடி என் வயதுதான். எங்களில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைக் காய்ச்ச மேனேஜர் பெரிய கொதிகலன் போடவிருந்தார். அந்தத் தண்ணீர் ஒரு டிகிரி சூடேற எவ்வளவு வெப்பம் வாங்கும் என்ற எண்ணைச் சனிக்கிழமைக்குள் கேட்டார். அறையைவிட ஆறு டிகிரி குளிர்ச்சியில் தொடங்கு, காய்ச்சிய செம்புத் துண்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும் அறையைவிட ஆறு டிகிரி மேலே போய் முடியட்டும், உள்ளே வரும் சூடும் வெளியே போகும் சூடும் சரிக்கட்டிக்கொள்ளும் என்றது புத்தகம். மீன் கம்பெனி ஐஸில் குளிரவைத்து அப்படியே செய்தேன். மூன்று நாளும் ஒரே எண். குளிர்நாட்டுக்காரன் எழுதிய புத்தகத்துக்கு நம் கடற்கரைக் காற்றின் ஈரம் எப்படித் தெரியும்?

“கிண்ணம் வேத்திருக்கு சார். அந்தத் தண்ணி காயும்போது சூட்டைக் கொண்டு போயிருது. மூணு நாளும் ஒண்ணுபோல வேத்து, ஒண்ணுபோலப் பொய் சொல்லுது” என்றார் டீச்சர்.

அவர் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. ஆனால் வீட்டில் என்னை நம்பி நாலு பேர். “புத்தகத்துல அப்படித்தான இருக்கு” என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சரிபார்த்ததாக என் தாளில் கையெழுத்துப் போட அவர் மறுத்தார். கடற்காற்று எழும்புமுன் காலையிலேயே வந்து, ஜன்னல்களை அடைத்து, ஐஸ் வேண்டாமென்று கசப்புத் தண்ணீர்ப் புட்டியை மண்பானைத் தண்ணீரில் போட்டு, இரண்டு டிகிரி மட்டும் குளிரவைத்துத் தொடங்கினார். கிண்ணம் வேர்க்கவில்லை. ஆனால் சூட்டின் ஏற்றம் சிறியது. எங்கள் பழைய தெர்மாமீட்டர் ஈடுகொடுக்காமல் எண்கள் முன்னே பின்னே வந்தன. வந்தபடியே எழுதிக் கொடுத்து, இன்னும் ஒரு வாரம் கேட்டார். மேனேஜர் இரண்டு தாள்களையும் பார்த்து, எண் மாறாத என் தாளை எடுத்துக்கொண்டார். எனக்கு வேலை நிரந்தரமானது.

வேலையைவிட்டுக் கிளம்பும்போது, “ஒருநாள் ஐஸ் இல்லாம நீங்களே செஞ்சு பாருங்க சார்” என்றார் டீச்சர். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

இரண்டு மாதம் கழித்துச் செய்தேன், முப்பது தடவை. சராசரி, முன்னே பின்னே வந்த அவர் எண்களின் சராசரியிலேயே வந்து நின்றது. யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற பிறகு இப்போது சொல்லவும் அலுப்பாகத்தான் இருக்கிறது. கேட்கவேண்டியவர் எங்கே இருக்கிறாரோ. என் எண் கொஞ்சம் கூடுதல். அதனால் கொதிகலனைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டினார்கள். கடைசிவரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. என் பொய்யால் கெட்டது டீச்சரின் வேலை ஒன்றுதான்.