பாலேந்திரனின் இரண்டு சிட்டுகள்

வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்துகிறார் பாலேந்திரன். மூக்கு தொலைக்காட்சிக் கண்ணாடியில் முட்டுகிறது. உள்ளே கோஸ்ட்டா ரிக்காக் காட்டில் ஒரு ரீங்காரச்சிட்டு செட்டை விரித்தபடி அசையாமல் நிற்கிறது. "வாலைப் பாருங்கோ, வாலை," என்கிறார், அறையில் யாருமில்லாவிட்டாலும்.

நோர்வேயில் ட்வெய்ட்டா என்ற இடத்தில் இருக்கும் இவர் தொழிலில் பெயின்டர். ஒஸ்லோவின் பாதிச் சுவர்களுக்கு வெள்ளை அடித்தவர் என்றால் கொஞ்சம்தான் மிகை. நோர்வேக்காரர் வெள்ளையிலேயே பத்து வகை கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கலந்து கொடுப்பார். சொந்தமாக ஒரு படம் வரையும் பாக்கியம் இந்த 2004இல்தான் வாய்த்தது. மனைவி அனஸ்ரேசியா வேலைசெய்யும் பாலர் பள்ளியில் ஒரு முழுச் சுவரைத் தந்து, மூலையில் பெயரும் போடச் சொல்லிவிட்டார்கள். பெயர் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

வரைந்தது இரண்டு வகைச் சிட்டுகளை. இரண்டையும் நேரில் கண்டதில்லை, புத்தகத்தில் படித்ததில் குணம் மட்டும் அத்துப்படி. நேரான அலகும் செம்பழுப்பு வாலுமான பச்சைக்காரனுக்கு 'வீட்டுக்காரன்' என்று பெயர் வைத்திருக்கிறார். ஒரு பூஞ்செடியைப் பிடித்துக்கொண்டால் வேறு எவரையும் அண்ட விடாது. வளைந்த நீள அலகும் வெள்ளை நுனி வாலுமான கபிலநிறக்காரன் 'ஊர்சுற்றி'. அதற்கென்று செடி கிடையாது. அங்கொன்றும் இங்கொன்றுமான பூக்களுக்கு ஒரே வழியால் முறை வைத்துப் போய்வரும். "அவன் சண்டைக்காரன், இவன் திரியிறவன். ரெண்டுபேரும் சீவிக்கிறாங்கள்தானே," என்பார். மனிதர்களையும் இந்த இரண்டில் ஒன்றில் போட்டுவிடுவார். கடை வைத்திருக்கும் மைத்துனர் இளங்கோ வீட்டுக்காரன். சுவர் சுவராகப் போகிற தான், சந்தேகமில்லாமல் ஊர்சுற்றி.

சுவர்ப் படத்தின் திறப்புவிழாவுக்கு முதல்நாள்தான் வீடியோவில் இந்த வால் பார்க்கும் வேலை. வாலைப் பார்க்கப் போனவர் காலைப் பார்த்துவிட்டார். எந்தச் சிட்டும் பூவில் உட்காரவில்லை. அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. சுவரிலோ வீட்டுக்காரன் பறந்துகொண்டிருக்க, அவருடைய ஊர்சுற்றி மட்டும் பூத்தண்டை இறுகப் பற்றி, செட்டையை மடித்து உட்கார்ந்திருந்தது. திருகோணமலையில் வாழைப்பொத்தியில் தேன்சிட்டு குந்தியிருந்து குடிப்பதைப் பார்த்துப் பழகியவர். கை அவரைக் கேளாமலே வரைந்துவிட்டது.

"பிள்ளையளுக்கு உது விளங்கவே போகுது? விடுங்கோ," என்றார் அனஸ்ரேசியா.

"என்ரை பேரெல்லோ கீழை கிடக்கு," என்றார் அவர்.

விடியவே மனைவியின் சாவியோடு போனார். கால்களை மட்டும் அழித்துப் பயனில்லை. உட்கார்ந்த பறவைக்கும் பறக்கிற பறவைக்கும் உடம்பின் வாகே வேறு. முழுச் சிட்டையும் வெள்ளையால் மூடினார். அது காய்ந்தால்தானே மேலே வரையலாம்? பெற்றோர் வந்து நிறைந்தபோது சுவரில் ஒரு சிட்டும், ஆளில்லாத ஒரு பூவும், அதன் பக்கத்தில் ஈர வெள்ளையும்தான் இருந்தன. வேறொருவர் என்றால் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் போர்த்துக்கொண்டு படுத்திருப்பார். இவர் கோட்டும் சூட்டுமாக வந்து நின்றார்.

மற்றப் பறவை எங்கே என்று பள்ளிப் பொறுப்பாளர் மெல்லக் கேட்டார்.

"அது தன் சுற்றுக்குப் போயிருக்கிறது," என்று நோர்வே மொழியில் சொன்னார் பாலேந்திரன். "திங்கட்கிழமை வரும்."

அதற்குள் பிள்ளைகள் சுவரைத் தொட ஓடி வந்தார்கள். அவர் அந்த ஈர வெள்ளைக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் அகல விரித்துக்கொண்டார்.