ஏணி கேட்டுப் போன காவலர்

திண்டுக்கல்லில் நண்பன் வீட்டைத் தேடிப் போனபோது, கோவில் தெருவும் பள்ளிவாசல் தெருவும் சந்திக்கும் முக்கில் அந்தக் காவலரைப் பார்த்தேன். என்றோ நடந்த கலவரத்துக்குப் பிறகு போட்ட போலீஸ் கொட்டகை இன்னும் அங்கே இருந்தது. நரைத்த மீசை, பெல்ட்டுக்கு அடங்காத தொப்பை. எழும்போதெல்லாம் பெல்ட்டை மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்.

நான் வழி கேட்டுக்கொண்டிருந்தபோதே கோவில் தெரு மாடியிலிருந்து ஓர் அம்மா குரல் கொடுத்தார்.

"சார், எதிர்த்த வீட்டு பாய்கிட்ட செத்த நேரம் ஏணி கேட்டு வாங்கிக் குடுங்க."

பத்தடி தள்ளி நின்ற பாய்க்கு அது நன்றாகவே கேட்டது. ஏணியைக்கூட எடுத்துவிட்டார். ஆனால் நகரவில்லை. காவலர் பெல்ட்டை இழுத்துவிட்டு நடந்து போய், "ஏணி வேணுமாம்" என்றார்.

"தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க சார்."

ஏணியைச் சுமந்து கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார்.

"அவங்களே பேசிக்க மாட்டாங்களா?" என்றேன்.

"கலவரத்துல நின்ன பேச்சு அப்பு. எல்லாம் என் வழியாத்தான்."

"மாறுதல் வாங்கிட்டுப் போயிரலாமே?"

பெருமையா சலிப்பா என்று எனக்கு இன்றுவரை பிடிபடாத குரலில் சொன்னார்:

"உத்தரவே வந்துச்சு. ரெண்டு தெருக்காரங்களும் தனித்தனியா மனுக் குடுத்து நிறுத்திப்புட்டாங்க. இம்புட்டு வருசத்துல அவுங்க ஒத்துப்போனது அது ஒண்ணுலதான்."