முடிச்சு போட்ட நேரம்

கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு, எழுபதுகளின் பிற்பகுதியில் திருத்தணியில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கராகச் சேர்ந்தேன். அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே மாதிரித் தறியைத்தான் ஓட்டினார்கள். நாள் கூலி மட்டும் பெண்களுக்குக் குறைவு. ஓர் ஆடிக் கிருத்திகைக்கு முன்பு பெண்கள் சமகூலி கேட்டு முதலாளியிடம் வந்தார்கள். கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அம்மாள் அவர்களுக்காகப் பேசினார். முதலாளி என்னைப் பார்த்தார்.

ஒரு மாத நெசவை மீட்டரில் கூட்டி, ஆளுக்குச் சராசரி எடுத்துக் காட்டினேன். பெண்களின் சராசரி குறைவு. அதனால்தான் கூலியும் குறைவு என்றேன்.

"படிச்சவரு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, அந்த அம்மாள் மற்றவர்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

கூட்டலில் பிழையில்லை. ஆனால் எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்களின் தறியில் பாவு இழை அறுந்தால், பக்கத்துத் தறிப் பெண் தன் தறியை நிறுத்திவிட்டுப் போய் முடிச்சு போட்டுத் தர வேண்டும். அந்த நேரத்து நெசவு அவள் தறியில் குறையும், அவன் தறியில் கூடும். தினமும் நான் பார்த்ததுதான்.

சீக்கிரமே பெண்களுக்கும் அது பிடிபட்டது. ஒருவன் முடிச்சுக்குக் கூப்பிட்டபோது பக்கத்துத் தறிப் பெண் நகரவில்லை.

"உனக்கு முடி போட்டுகினு இருந்தா என் சராசரி கொறஞ்சிடும் பாவா. நீயே போட்டுக்கோ."

அவனை அத்தான் முறை வைத்து 'பாவா' என்றதில் கூடமே சிரித்தது. ஆனால் ஆண்களின் தறிகள் அடிக்கடி நின்றன. முடிச்சு போட மட்டும் தனியாகச் சில பெண்களை வைக்கலாம் என்று முதலாளிக்கு யோசனை சொன்னவன் நான்.

அதன் பிறகு எல்லாத் தறியும் ஒழுங்காக ஓடியது. பெண்கள் நம்பிக்கையோடு மறுபடி வந்தார்கள். நான் புதிய சராசரியைக் காட்டினேன். தறியே ஓட்டாத முடிச்சுக்காரப் பெண்களையும் பெண்கள் எண்ணிக்கையில் சேர்த்து வகுத்திருந்தேன். சராசரி முன்பைவிடவும் இறங்கியிருந்தது.

"இப்ப நாங்க தறிய வுட்டு நவுர்றதே இல்லியே சார்" என்றார் அந்த அம்மாள்.

"எல்லாரையும் சேர்த்துத்தாம்மா சராசரி பாக்கணும்."

"ஆங்" என்றார். தறிக்குத் திரும்பினார். அவர் வேலையைவிட்டு நின்ற நாள்வரை அந்தக் குறைந்த கூலியைத்தான் வாங்கினார்.

தறி ஓட்டும் பெண்களை மட்டும் எண்ணினால் சராசரி ஆண்களுக்குச் சமமாக வந்தது. அந்தக் கணக்கை அவர்கள் மறுபடி வருவதற்கு முன்பே போட்டுப் பார்த்துவிட்டேன். பார்த்த பிறகுதான் மற்றதைப் போட்டேன்.