ஈயக்குண்டு ஏறும்போது

சென்ற ஞாயிற்றுக்கிழமை, முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து முதல் தடவையாக, ஆராதனை முழுவதும் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எங்கள் பாளையங்கோட்டைக் கோயிலின் குழாய் ஆர்கனுக்கு மின்சார மோட்டார் வைத்துவிட்டார்கள். இனிமேல் அதற்குக் காற்றடிக்க ஆள் வேண்டாம். பழைய கைப்பிடியை அறுத்துப் போட்டுவிட்டு, அதோடு இருந்த ஈயக்குண்டை மட்டும் என்னிடம் கொடுத்து, "வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, ஒரு ஞாபகத்துக்கு" என்றார்கள். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். சட்டைப் பையில் போட்டால் பை தொங்குகிறது. இந்தக் குண்டுக்குப் பயந்த அளவுக்கு நான் மனுஷருக்குப் பயந்ததில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய். மனுஷருக்கும் பயந்தேன். எல்லாவற்றுக்குமே பயந்தேன்.

ஆர்கனைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். முன்னால் வாத்தியார் ஒருவர் உட்கார்ந்து கட்டைகளை அழுத்துவார். சபையார் அவரைத்தான் பார்ப்பார்கள். பின்னால், மரத்தடுப்புக்கு அந்தப்புறம், தோல் வைத்துத் தைத்த பெரிய துருத்தி ஒன்று இருக்கும். ஒரு நீளக் கைப்பிடியை மேலும் கீழும் அமுக்கி அதற்குக் காற்றடிக்க வேண்டும். துருத்தி நிறைந்தால் நூலில் தொங்கும் ஈயக்குண்டு கீழே இறங்கும். காற்றுக் குறையக் குறையக் குண்டு மேலே ஏறும். சுவரில் சிவப்பாக ஒரு கோடு கிழித்திருந்தது. குண்டு அந்தக் கோட்டைத் தாண்டினால் பாட்டு செத்துப்போகும். அந்த அறையில் பழந்தோலும் வேப்பெண்ணெயும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு வாடை உண்டு. இப்போதும் செருப்புக் கடையில் தோல் வாடை அடித்தால் என் கண் தானாகச் சுவரில் கோட்டைத் தேடுகிறது.

அந்த வேலைக்கு வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. கல்யாணம் முடிந்து ஐந்து மாதம். புது ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறை எனக்குச் சொர்க்கம். கோயில் வளவிலேயே ஓட்டு வீடு ஒன்று தந்திருந்தார்கள். வேலை உள்ளவரைக்கும் வீடு. ஒரே ஒரு குறைதான்: எனக்குச் சிறுவயது முதல் மூச்சு இழுப்பு நோய். துருத்திக்குக் காற்றடிக்க, தனக்கே காற்று இல்லாத ஒருவனை வைத்திருந்தார்கள். இதைச் சொல்லி நானே சிரிக்கப் பல வருஷம் ஆயிற்று.

அறுப்பின் பண்டிகை வந்தது. சபையார் புது நெல்லும் வாழைத்தாரும் கரும்பும் கொண்டுவந்து குவித்தார்கள். உங்களுக்கு அந்த வாசனை சந்தோஷமாக இருக்கும். எனக்கு அந்த நெல் தூசி போதும். இரண்டாம் பாட்டிலேயே நெஞ்சுக்குள் கதவைச் சாத்தியதுபோல் ஆயிற்று. கை கைப்பிடியில் இருக்கிறது, அமுக்க முடியவில்லை. குண்டு ஏறுகிறது. கோட்டைத் தொடுகிறது. தாண்டுகிறது. ஆர்கன், கன்று போடும் எருமை மாதிரி ஒரு சத்தம் போட்டு அடங்கியது. சபை முழுவதும் ஒரு நிமிஷம் வாயைத் திறந்தபடி நின்றதாம். நான் பார்க்கவில்லை. தரையில் கிடந்தேன்.

எங்கள் சபையில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். மறுநாள் ஐயர் கூப்பிட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. "தம்பி, ஒம் மேல எனக்குக் கோவம் இல்ல. இன்னொரு தடவ இப்படி ஆனா வேற ஆளப் பாக்கணும், பாத்துக்கோ" என்றார். வீட்டுக்கு வந்து என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "அப்பம் வீடு?" என்று மட்டும் கேட்டாள்.  

ஆற்றுக்கு அந்தப்புறம் இருந்த வைத்தியரிடம் லேகியம் வாங்க நடந்தபோதுதான், ஆற்றுப் பாலத்தில் வைத்து மறுபடியும் இழுப்பு வந்தது. இந்த நோய் இல்லாதவர்களுக்கு அந்தப் பயத்தைச் சொல்வது கஷ்டம். மூச்சு உள்ளே போகிறதில்லை என்று நினைப்பார்கள். அப்படி இல்லை, உள்ளே போனது வெளியே வராது. பாலத்துச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றேன். கீழே தாமிரபரணி தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என்னைத் தாண்டிச் சலங்கைச் சத்தம் ஒன்று ஓடியது, நின்றது, திரும்பி வந்தது. தபால் ஓட்டக்காரன். தோளில் பை, கையில் சலங்கை கட்டிய ஈட்டி. என் வயதுதான் இருக்கும்.

"ஏலே, செத்துகித்துப் போயிராத. எனக்குத் தபாலு பிந்திரும்" என்றான்.

அவன் பெயர் சுடலைமுத்து. பேட்டை என்ற ஊர்க்காரன். என் முதுகில் கையை வைத்து, "மூச்ச இழுக்காத. இழுக்கதுல என்ன இருக்கு, களவாணிப் பயலும் இழுப்பான். விடு. பைய விடு. இன்னும் பைய. விட்டா திரும்ப வராதுன்னு பயந்துகிட்டுல்லா பிடிச்சு வச்சிருக்க" என்றான்.

இத்தனை வைத்தியர்களும் சொல்லாத ஒன்றை அவன் சொன்னான். எனக்கு நோய் பாதி, பயம் பாதி.

அதற்குப் பிறகு விடியற்காலையில், அவன் தபாலுக்குப் போகுமுன், வண்ணாரப்பேட்டை ஆற்று மணலில் சந்திப்போம். யோகாசனம் என்று பெயர் சொல்லித்தான் செய்வித்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்டால் ஒரு நாள் பாபநாசத்துச் சாமியார் என்பான், இன்னொரு நாள் தன் சித்தப்பா என்பான். குப்புறப் படுத்துப் பாம்புபோல் நெஞ்சைத் தூக்குவது, முட்டி போட்டுக் குதிகாலில் உட்காருவது, பிறகு முதுகை நிமிர்த்தி மூச்சை அளந்து விடுவது. கிழக்கே பார்த்து உட்காரச் சொல்வான். இளவெயில் பட்டால் சளி இளகும் என்பது அவன் கணக்கு. ஒரு பங்கு இழுத்தால் இரண்டு பங்கு விட வேண்டும். அவன் அளவுக்குச் சிவன் பெயரைச் சொல்வான். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. "எங்கள் பிதாவே" என்று தொடங்கி, பாதிக்கு மேல் "எங்கள் குற்றங்களை மன்னியும்" என்று கேட்கும் கர்த்தருடைய ஜெபத்தை மனசுக்குள் சொல்லி அளந்தேன்.

"எந்தச் சாமியச் சொன்னாலும் காத்து ஒண்ணுதாம்லே. அளவு மட்டும் தப்பக் கூடாது, கேட்டியா துருத்தி" என்றான். எனக்கு அவன் வைத்த பெயர் துருத்தி.

முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. தொடை வலித்தது, அவ்வளவுதான். இரண்டாம் மாதம் பாலத்தை நிற்காமல் கடந்தேன். மூன்றாம் மாதம் இடுப்பிலும் தோளிலும் எனக்கே தெரியாமல் ஒரு பலம் வந்திருந்தது. மனசுக்குள் நடந்ததுதான் அதைவிடப் பெரிது. கிறிஸ்மஸ் ஆராதனையில் குண்டு ஏற ஆரம்பித்தது. பயம் வந்தது. வழக்கம்போல் மூச்சைப் பிடிக்கப் போனேன். பிடிக்காமல் விட்டேன். பயம் போய்விடவில்லை, பக்கத்தில் நின்றது. நான் கைப்பிடியை அமுக்கினேன். குண்டு இறங்கியது. ஏழு பாட்டும் முடிந்தன. வீட்டில் எஸ்தர் என் சட்டையைப் பிழிந்து காயப்போட்டாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடிந்தது.

அந்த நிம்மதி இரண்டு மாதம், தவக்காலம்வரைக்கும் இருந்தது. எங்கள் உபதேசியார், கிராமச் சபைகளுக்குப் போய்ப் பிரசங்கம் செய்கிறவர், ஒரு நாள் காலையில் பாலத்து வழியாக வந்தார். மணலில் நான் கிழக்கே பார்த்து, கண்ணை மூடி, மடியில் கையை வைத்து இருந்தேன். பக்கத்தில் நெற்றி நிறையத் திருநீற்றோடு சுடலை. அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? கோயில் வேலைக்காரன் சூரியனைக் கும்பிடுகிறான் என்றுதான் நினைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அங்கி மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஐயர் உட்கார்ந்திருந்தார். உபதேசியாரும் சபை மூப்பர்கள் நாலு பேரும் நின்றார்கள். ஆறு பேர் முகமும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"ஆத்துல என்ன செய்யுத?" என்றார் ஐயர்.

"இழுப்புக்கு மூச்சு விட்டுப் பாக்கேன்யா."

"அந்த ஓட்டக்காரன்தான் சொல்லித் தந்தானா?" என்றார் உபதேசியார். "அவங்கூட என்ன சகவாசம்?"

வீடு கண்ணுக்கு முன்னால் வந்தது. எஸ்தர் அப்போது முழுகாமல் இருந்தாள். பழைய நானாக இருந்தால் அங்கேயே இழுப்பு வந்து விழுந்திருப்பேன். விழவில்லை. சுடலை சொல்லித் தந்தபடியே பைய மூச்சை விட்டேன். குரல் நடுங்காமல், "அவரு யாருன்னே எனக்குத் தெரியாதுய்யா. தற்செயலா பக்கத்துல இருந்தாரு" என்றேன்.

நம்பிவிட்டார்கள். அவ்வளவு அமைதியாகச் சொன்னேன். எந்த மூச்சை அவன் தந்தானோ அந்த மூச்சை வைத்தே அவனைத் தெரியாது என்றேன். இதை இப்போது எழுதும்போதும் விரல் கூசுகிறது.

மத்தியானம் சோறு இறங்கவில்லை. பேட்டைக்கு நடந்தேன். ஆறு மைல் இருக்கும். சுடலை வீட்டு வாசலில் ஈட்டிக்குப் புதுச் சலங்கை கட்டிக்கொண்டிருந்தான். நடந்ததைச் சொன்னேன். தலையைத் தூக்காமல் கேட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"பாளையங்கோட்டையில இருந்து நடந்தா வந்த?"

"ஆமா."

"எங்கயும் நிக்கலயா?"

"நிக்கல."

"அப்பம் சரி" என்றான். "ஆனா ஒண்ணுலே. எம் பேரச் சொல்லாததுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல. நீ இன்னும் பிடிச்சு வச்சிருக்க. அத எப்பம் விடப் போற?"

மறுநாள் காலை ஐயர் வீட்டுக்குப் போனேன்.  "நேத்து பொய் சொன்னேன்யா. அவரு என் கூட்டாளி. அவருதான் சொல்லித் தந்தாரு" என்றேன். ஐயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் நம்பிட்டனே. பொறவு எதுக்கு வந்த?"

"மூச்ச அளந்து விட முடியுதுய்யா. சோறுதான் எறங்கல."

"மூச்ச எத வச்சு அளக்க?"

சொன்னேன். கர்த்தருடைய ஜெபம் என்றதும் அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "ஒரு மூச்சு விட்டா எது வரைக்கும் வரும்?" என்றார்.

"மன்னிப்புக் கேக்க எடம் வரைக்கும் வரும்யா."

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று இன்றுவரை தெரியாது. பொய்க்காக ஆறு மாதம் எனக்குப் பீடத்தில் தரும் நற்கருணை அப்பமும் ரசமும் இல்லை என்றார். ஆற்றங்கரைக்கும் போகக்கூடாது என்றார். "வேலையப் பாரு" என்றும் சொன்னார். அதைக் கேட்டதும் நான் அழுதேன். வீட்டுக்கு வந்து எஸ்தரிடம், "வீடு இருக்கு" என்றேன்.

அந்த ஆறு மாதமும் எல்லாரும் வரிசையாகப் பீடத்துக்குப் போகும் காலடிச் சத்தத்தைத் துருத்தி அறையில் இருந்து கேட்டபடி காற்றடித்தேன். ஆசனங்களையும் அந்த அறையிலேயே, எலிப்புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுச் செய்தேன். அறைக்குத் தெருப் பக்கம் சின்ன ஜன்னல் உண்டு. சுடலை ஓடுகிற ஓட்டத்தில் ஈட்டியால் அதன் கம்பியைத் தட்டுவான்.

"துருத்தி, விடுதியாலே?"

"விடுதேன்."

அவ்வளவுதான் பேச்சு. நிற்க மாட்டான், தபால் பிந்திவிடும். இப்படி ஐந்தாறு வருஷம்.

பிறகு ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு ஒருவர் இருமினார்கள். எங்கள் கோயில் மணி அடிக்கடி அடித்தது. ஒரு வாரம் ஜன்னல் தட்டவில்லை. மறுவாரம் சலங்கை கேட்டது. ஓடி எட்டிப் பார்த்தேன். வேறு ஆள். கேட்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன். "சுடலையா? காய்ச்சலோட சாத்தான்குளத்துப் பக்கம் தபாலு பையத் தூக்கிட்டுப் போனான். நெஞ்சுல சளி கட்டிக்கிட்டு, மூணே நாளு" என்றான். என்னைவிட நாலு மடங்கு மூச்சு உள்ளவன். மூச்சு ஒருவனை எது வரைக்கும் காப்பாற்றும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அன்று இழுப்பு வந்தது, வருஷங்களுக்குப் பிறகு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பைய, மன்னிப்புக் கேட்கும் இடம் வரைக்கும் விட்டேன். திரும்ப இழுத்தேன். திரும்ப விட்டேன். மாலை ஆராதனைக்குக் காற்றடித்தேன்.

இப்போது சலங்கை இல்லை. தபால் மோட்டாரில் போகிறது. பாபநாசத்தில் ஆற்றுத் தண்ணீரை விழவிட்டு மின்சாரம் எடுத்துக் கம்பி வழியாக அனுப்புகிறார்களாம். அப்படியானால் ஆர்கனுக்கு இப்போது காற்றடிப்பது தாமிரபரணிதான். மோட்டாருக்கு இடம் வேண்டும் என்று அந்தச் சின்ன ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஏழு பாட்டும் எங்கும் மூச்சு வாங்காமல் ஓடின. யாரும் பயப்படவில்லை. நான் மட்டும் பையில் இருந்த குண்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சரணத்துக்கும் மூச்சைப் பைய விட்டுக்கொண்டிருந்தேன். "விடுதியாலே" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.