ரசம் ஓடிய பக்கம்

கொடுங்கையூரில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டில், பாத்ரூம் தரைக்கு வாட்டம் சரியா என்று பார்க்க மேஸ்திரி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். ஈர சிமெண்ட் வாசனை எழுந்தது. தண்ணீர் மெல்ல மூலைக்கு நகர, நான் சின்ன வயதில் இருந்த ராயபுரத்து வூட்டுக்கு நினைப்பில் போய்விட்டேன்.

அந்த வூட்டுத் தரை மொத்தமும் சுவர்ப் பக்கம் சாய்ந்திருக்கும். துறைமுகத்து லாரி தெருவில் போனால் டம்ளர்கூடத் தானாக அந்தப் பக்கம் ஊரும். சாப்பிட உட்கார்ந்தால் ரசம் தட்டின் விளிம்புக்கு ஓடும். கப்பலில் மூட்டை இறக்கிவிட்டு வரும் நைனா, உடம்பெல்லாம் கோதுமைத் தூசி மணக்க, எனக்கும் சுவருக்கும் நடுவில் உட்காருவார். தங்கச்சியின் தட்டுக்கு அடியில் மட்டும் ஒரு மரச்சில்லைச் செருகுவார்.

"நீ எப்பவும் அவ பக்கம்தான் நைனா" என்று ஒருநாள் அழுதேன்.

"அடிப்போடி. உன் ரசம் என்னிக்காவது கொட்டிகீதா?" என்று சிரித்தார்.

கொட்டியதில்லை. ஏன் என்று அன்று யோசிக்கவில்லை.

ஃப்ளாட்டுக்குக் குடிவந்த அன்று, சமமான புதுத் தரையில் சாப்பிட உட்கார்ந்தோம். மகளின் தட்டில் ரசம் அசையாமல் நின்றது.

"இன்னாமா, என் தட்டைப் புடிச்சிகினு கீற?" என்றாள்.

குனிந்து பார்த்தேன். அவள் தட்டின் விளிம்புக்கு அடியில் என் இடது கை இருந்தது, நைனாவின் கை என் தட்டுக்கு அடியில் இருந்த மாதிரியே.