காகிதக் கட்டிலிருந்து நீண்ட கை

கம்பி கட்டி முடித்து, அழுத்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்தேன். காகிதக் கட்டின் பக்கவாட்டில் ஒரு கை நீட்டிக்கொண்டிருந்தது. விரல், நகம், மணிக்கட்டில் புடைத்த நரம்பு. "ஐயோ, ஆளு!" என்று நான் போட்ட கூச்சலில் லாரி டிரைவர் டீயைக் கொட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

தொட்டுப் பார்த்தவர் அவர்தான். "அண்ணே, காகிதம்ணே இது. நூல் போட்டுத் தச்சிருக்கு."

எங்களுடையது பழைய காகிதக் கடை. தரம் பிரிப்பது என் அக்கா. புருஷன் போன பிறகு வந்து உட்கார்ந்தவள். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்பதால் கடையில் அவளுக்குப் பெயர் கோந்து. வெள்ளைத் தாள் ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று கை போய்க்கொண்டே இருக்கும், வாய் திறக்காது. நோட்டுகளின் தைத்த முதுகைக் கிழித்து மூலையில் எறிவாள். நூல் கலந்தால் மில்லில் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். அதனால் அந்தக் குவியலை யாரும் சீண்டுவதில்லை. அன்று ஓர் அட்டை மில்காரர் நூலோடே எடுத்துக்கொள்வதாகச் சொல்லவும், உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே மூலையை வழித்து நானே இயந்திரத்தில் தள்ளியிருந்தேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தாள். கையைப் பார்த்ததும் கட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"என்னைக் கேட்டியாடா? ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீ செஞ்சதாக்கா இது?"

"பின்ன, எலியா செய்யும்?"

"உள்ள என்ன இருக்கு?"

"நான்தான் இருக்கேன். முழுசா."

டிரைவர், "நேரமாகுதுண்ணே, ஏத்திடலாமா?" என்றார். ஏற்றுவதாவது! கத்தரியை எடுத்துக் கம்பிகளை வெட்டினேன். கட்டு வெடித்து விரிந்தது.

உள்ளே அக்கா குந்தியிருந்தாள். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, தபால் உறை, காலண்டர் தாள், எல்லாம் சேர்த்து நோட்டு நூலாலேயே தைத்த உடம்பு. சேலை மடிப்பும் குதிகால் வெடிப்பும் எப்படியோ தப்பியிருந்தன. மூஞ்சி சப்பட்டை. ஒரே வீட்டில் சோறு தின்கிறோம். எனக்கு இது தெரியாது.

"ஏன்க்கா உன்னையே செஞ்ச?"

"வேற எவன் எனக்கு அசையாம உக்காந்து காட்டுறான்?"

"மன்னிச்சுக்கோக்கா" என்றேன். என் வாயில் லேசில் வராத வார்த்தை.

அவள் நசுங்கிய தலையை மடியில் வைத்து, கன்னத்து நூலொன்றைப் பல்லால் கடித்து இழுத்தாள். மூக்கு மெல்ல எழும்பியது. டிரைவர், "யம்மாடி!" என்று இரண்டடி பின்னால் போனார்.

"கழுத்து போச்சு. முதுகு தேறும்" என்றாள் அக்கா. "இனிமே மூலையில வைக்க மாட்டேன். உன் ரூம்லதான் வைப்பேன்."

அந்தக் கட்டு இல்லாமலே லாரி போனது. நான் அறைக்குள் போய் என் மேஜையை வெளியே இழுத்துப் போட்டேன்.